திருகோணமலையில் கடைத் தொகுதிக்குள் சிறு கியொஸ்க் தொடங்குவது பற்றி

உவர்மலை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மத்திய வீதியில் உள்ள ஒரு கடையில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் வேலை செய்து வருகிறேன். சொந்தமாக ஒரு தொழில் தொடங்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம். நகரில் ஒரு கடைத் தொகுதியின் கீழ்த்தளத்தில், பல்பொருள் அங்காடிக்கு வெளியே உள்ள நடைகூடத்தில், ஆறடிக்கு எட்டடி இடம் தருவதாக அதன் முகாமையாளர் கூறியிருக்கிறார். வாடகை மாதம் 40,000 ரூபா. மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கேட்கிறார். போன் திரையைக் காக்கும் டெம்பர் கிளாஸ் ஒட்டுதல், கவர், சார்ஜர், கேபிள், இயர்போன் ஆகியவற்றுடன் சிறு திருத்த வேலைகளையும் செய்யலாம் என்று நினைக்கிறேன். கொழும்பில் உள்ளவற்றின் அளவுக்குப் பெரிய மோல் நம் ஊரில் இல்லை என்பதால், இங்கே கியொஸ்க், அதாவது நடைகூடத்தில் நிற்கும் திறந்த சிறு கடை, எடுபடுமா என்ற தயக்கம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.

சாம்பல்தீவு எழுதியது:

வணக்கம் தம்பி. கவரிங் நகைகளும் தலையலங்காரப் பொருட்களும் விற்கும் கியொஸ்க் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்ன விற்பது என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். ஆனால் அந்த ஆறடிக்கு எட்டடி இடம் நடைகூடத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை எழுதவில்லை. என்னைக் கேட்டால், பொருளைவிட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பல்பொருள் அங்காடியின் காசாளர் வரிசையைத் தாண்டி வெளியே வருபவரைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கைகளிலும் பை இருக்கும். பக்கத்தில் பிள்ளை சட்டையைப் பிடித்து இழுக்கும். வெளியே முச்சக்கர வண்டி காத்துக்கொண்டிருக்கும். அவர் உங்கள் கியொஸ்க்கைப் பார்ப்பார், ஆனால் நிற்கமாட்டார். உள்ளே போகிறவரோ கை வீசி நடப்பார்; போனில் விரிசல் விழுந்த கண்ணாடி அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வரும். போனைக் கொடுத்துவிட்டு, சாமான் வாங்கித் திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்ல முடிந்தால், அது தெருவோரக் கடையால் கொடுக்க முடியாத வசதி. ஆகவே இடம் உள்ளே நுழையும் பாதையில் இருக்கிறதா, வெளியேறும் பாதையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே வாசல் என்றால், எந்தக் கையோரமாக மக்கள் உள்ளே நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒப்பந்தம் எழுதும் முன்னர் ஒரு வார நாளிலும் ஒரு சனிக்கிழமையிலும், காலை, பிற்பகல், மாலை என்று மூன்று வேளையும் அங்கே போய் நில்லுங்கள். கடந்து போகிறவர்களை எண்ணுவதோடு நிறுத்திவிட வேண்டாம். அவர்களில் எத்தனை பேர் நடையைத் தளர்த்திப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதை எண்ணுங்கள். தானியங்கிப் பண இயந்திரத்துக்கு அருகில் நிற்பவர்கள், குளிரூட்டிக்குக் கீழே யாருக்காகவோ காத்திருப்பவர்கள் ஆகியோரே கியொஸ்க்கின் உண்மையான வாடிக்கையாளர்கள்.

கடல் சூழ்ந்த ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்று உலோகத்தை விட்டுவைக்காது. என் நகைகளில் முலாம் மங்குவது வாசலுக்கு அண்மையில் தொங்கும் வரிசையில்தான் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சோடியையும் பொலித்தீன் உறைக்குள் வைத்து, மாதிரிக்கு ஒன்றை மட்டுமே வெளியே தொங்கவிடுகிறேன். உங்கள் கேபிள் முனைகளுக்கும் திருத்தக் கருவிகளுக்கும் இதே கவனம் வேண்டும். இரவில் குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய கட்டடத்துக்குள் ஏறும் வெப்பம் பவர் பேங்க்குகளுக்கு நல்லதன்று. இரவில் எதையும் மின்னேற்றத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவே கூடாது.

கணக்கர் எழுதியது:

சாம்பல்தீவு அக்கா இடத்தைப் பற்றி எழுதியது சரி. நான் எண்களைப் பற்றி எழுதுகிறேன். பின்வருபவை கணக்கின் முறையைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தொகைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

வாடகை 40,000 ரூபா. மின்சாரம், பராமரிப்புக் கட்டணம் 8,000. ஓர் ஊழியருக்குச் சம்பளம் 35,000. அதன் மேல் தொழில் வழங்குநர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதி நூற்றுக்கு 3, ஆக 5,250. பை, இணையம், சில்லறைச் செலவு 3,000. மொத்தம் 91,250. பெரும்பாலானோர் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிடுகிறார்கள். இப்போது நீங்கள் வாங்கும் சம்பளம் நின்றுபோகும் என்பதால் உங்கள் உழைப்புக்கும் ஒரு விலை போட வேண்டும். அதை 50,000 என்று வைத்தால் மொத்தம் 141,250 ஆகிறது.

நூறு ரூபா விற்பனையில் பொருளின் கொள்விலை போக 35 ரூபா மிஞ்சுகிறது என்று கொள்வோம். அப்படியானால் மாதம் ஏறத்தாழ 404,000 ரூபாவுக்கு விற்க வேண்டும். முப்பது நாளும் திறந்தால் நாளொன்றுக்கு 13,450. ஒருவர் சராசரியாக 600 ரூபாவுக்கு வாங்கினால், நாளொன்றுக்கு 22 அல்லது 23 பேர் காசு கொடுத்து வாங்க வேண்டும். அக்கா சொன்னபடி போய் நின்று எண்ணும்போது இந்த 23 பேர் அங்கே தென்படுகிறார்களா என்று பாருங்கள்.

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். நிலையான 40,000 ரூபாவுக்குப் பதிலாக விற்பனையில் நூற்றுக்குப் பத்துத் தருவதாகக் கேட்டுப் பார்க்கலாம். மாத விற்பனை 400,000 ரூபாவைத் தொடும்போது இரண்டும் சமம். அதற்குக் கீழே விற்பனை வீதம் உங்களுக்கு நன்மை. அதற்கு மேலே நிலையான வாடகை நன்மை. தொடங்கும் ஆண்டில், அதுவும் மாதத்துக்கு மாதம் கூட்டம் மாறும் ஊரில், விற்பனை குறைந்த மாதத்தின் சுமையைக் கட்டடக்காரரும் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தமே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

கிண்ணியா நண்பர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இதில் மாறுபடுகிறேன். ஆறடிக்கு எட்டடி இடத்துக்கு 40,000 ரூபாவும் முற்பணமும் கொடுப்பதைவிட, சற்று உள்ளொதுங்கிய வீதியில் என்றாலும் கதவுள்ள ஒரு சிறு கடையை எடுப்பதே நிலைத்து நிற்கும் வழி. கடை என்றால் வாடிக்கையாளர் பெயர் சொல்லித் தேடி வருவார். கியொஸ்க் என்றால் அந்தக் கட்டடத்துக்கு வருபவரே உங்களிடம் வருவார்; அங்காடி மூடப்பட்டால் உங்கள் தொழிலும் மூடப்படும்.

உல்லாசப் பயணிகளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு ஆட்கள் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். அவர்கள் புறாத்தீவுக்கும் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போகிறார்கள். கடைத் தொகுதிக்குள் வருவது தண்ணீர்ப் போத்தலும் சிம் அட்டையும் வாங்கத்தான். உங்களுக்குச் சோறு போடப்போகிறவர்கள் நம் ஊர் மக்களே. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பெருநாள் சாமான் வாங்க நகருக்கு வருவது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் இரவு வரை கூட்டம் இருக்கும். அதேபோல் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் முந்திய வாரங்கள். இந்த நாட்களில் மூன்று மொழியிலும் விலை எழுதி வைத்திருப்பவரிடம் வியாபாரம் கூடுதலாக நடப்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சாம்பல்தீவு எழுதியது:

கிண்ணியா நண்பரின் கருத்தை மதிக்கிறேன்; உள்வீதிக் கடை மலிவு என்பதும் உண்மை. ஆனால் பெயர் சொல்லித் தேடி வரும் வாடிக்கையாளர் உருவாக ஆண்டுகள் எடுக்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு மழை அடித்து ஊற்றும்போது வீதியோரக் கடைக்கு முன்னால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். அந்த மாதங்களில் கூரைக்குக் கீழே வியாபாரம் செய்வதன் பயனை நான் நேரில் அறிவேன். தவிரவும், கடைக்குக் கதவு, மேற்கூரை, மின்மானி, பெயர்ப்பலகை என்று ஆரம்பத்திலேயே இறங்கும் பணத்தைக் கியொஸ்க்கில் சரக்கில் போடலாம். வேண்டாம் என்று தோன்றினால் அலுமாரியை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வெளியேறவும் முடியும்.

கொட்டாஞ்சேனை எழுதியது:

கொழும்பில் கடைத் தொகுதி முகாமைத்துவத்தில், இடங்களை வாடகைக்கு விடும் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற முறையில், மறுபக்கத்திலிருந்து சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

நடைகூட வியாபாரத்தின் கதையை அறிந்தால் கட்டடக்காரரின் மனம் விளங்கும். 1976 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஃபனெய்ல் ஹோல் என்ற பழைய சந்தைக் கட்டடங்களை ரவுஸ் நிறுவனம் புதுப்பித்துத் திறந்தபோது, வாடகைக்குப் போகாமலிருந்த இடங்கள் வெறுமையாகத் தெரியாதிருக்கத் தள்ளுவண்டிகளை அங்கே நிறுத்திச் சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள். அது மக்களுக்குப் பிடித்துப்போய், பிற நகரங்களின் மோல்களுக்கும் பரவியது. கியொஸ்க் என்பது கட்டடக்காரருக்கு இன்றும் நடைபாதையிலிருந்து கிடைக்கும் மேலதிக வருமானம். நாளை பெரிய வாடகைக்காரர் ஒருவர் வந்து தன் கடைமுகத்தை மறைக்கிறது என்று முறையிட்டால், முதலில் நகர்த்தப்படுவது கியொஸ்க்தான். இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. அந்த இடத்தின் இயல்பு அது.

அதனால்தான் உங்களுக்குத் தரப்படும் தாள் பெரும்பாலும் குத்தகையாக இராது; இடத்தைப் பயன்படுத்துவதற்கான அனுமதி உடன்படிக்கையாகவே இருக்கும். இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அனுமதி உடன்படிக்கை அப்படியன்று. அது உங்களுக்கு வாடகைக் குடியிருப்பாளரின் உரிமைகளைத் தராது. ஆகவே உங்களைக் காப்பாற்றக்கூடியது அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பது மட்டுமே. வாய்ப்பேச்சில் சொன்ன எதையும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

எழுத்தில் கேட்க வேண்டியவற்றுள் முதன்மையானது இடமாற்றம் பற்றிய வாசகம். எத்தனை நாள் முன்னறிவித்தல், அதே தளத்திலா, புதிய இடம் பிடிக்காவிட்டால் முற்பணத்தை முழுமையாக மீளப் பெற்று விலகலாமா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். அடுத்தது, நீங்கள் விற்கும் வகைப் பொருளை அதே தளத்தில் இன்னொரு கியொஸ்க்குக்கு அனுமதிக்கமாட்டோம் என்ற உறுதி. முழுக் கட்டடத்துக்கும் இந்த உறுதியை யாரும் தரமாட்டார்கள். கியொஸ்க்குகளுக்கு மட்டும் என்று கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். மின்தடையின்போது பிறப்பாக்கி உங்கள் செருகிக்கும் மின்சாரம் தருமா, அல்லது பொது விளக்குகளுக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். திருத்த வேலை செய்பவருக்கு இது சிறிய விடயமன்று.

அலுமாரியைச் செய்விக்கும் முன்னர் உயர வரம்பைக் கேட்டறியுங்கள். பின்னால் உள்ள கடைகளின் முகப்பை மறைக்கக்கூடாது என்பதால் பெரும்பாலான இடங்களில் ஆளின் நெஞ்சுயரத்துக்கு மேல் கட்ட விடுவதில்லை. தச்சரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக் குறைப்பது வீண் செலவு.

உவர்மலை வாசி எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சொன்னபடியே சென்று பார்த்தேன். எனக்குக் காட்டப்பட்ட இடம் வெளியேறும் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் இருக்கிறது. உள்ளே நுழையும் பக்கத்தில், பண இயந்திரத்துக்கு எதிரே வெற்றிடம் ஒன்று உண்டு. அதைக் கேட்டபோது வாடகை 48,000 ரூபா என்றார்கள். கூடுதலாகக் கொடுத்து அதை எடுப்பதா என்று சிந்திக்கிறேன். கட்டடம் காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அந்த நேரம் முழுவதும் கியொஸ்க் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிவு, அனுமதிப்பத்திரம் முதலியவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்பதையும் அறியத் தாருங்கள்.

கணக்கர் எழுதியது:

முதலில் வாடகை. கூடுதலான 8,000 ரூபாவை 35 வீத இலாபத்தால் ஈட்ட வேண்டுமானால் மாதம் ஏறத்தாழ 22,860 ரூபா, அதாவது நாளொன்றுக்கு 762 ரூபா அதிகமாக விற்க வேண்டும். ஒன்றிரண்டு வாடிக்கையாளர் கூடுதலாக வந்தால் போதும். தூணுக்குப் பின்னால் இருக்கும் இடத்தை எடுத்து வாடகை மிச்சம் என்று மகிழ்வதற்கு இதில் இடமே இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, பதினொரு மணி நேரம் என்பது ஒருவரால் முடிகிற காரியமன்று. ஊழியர் ஒருவரை வாரம் முழுவதும் அவ்வளவு நேரம் நிறுத்தச் சட்டமும் இடம் தராது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை கொடுக்க வேண்டும். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. எனவே நீங்களும் ஊழியரும் நேரத்தைப் பகிர்ந்து, கூட்டம் கூடும் மாலை வேளையில் இருவரும் நிற்குமாறு அமைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஊழியர் விடுமுறையில் உள்ள நாளில் சாப்பிடவும் தொழவும் கழிவறைக்குச் செல்லவும் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குச் சென்று விசாரியுங்கள். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இட உரிமையாளரின் கடிதமும் கேட்பார்கள். வியாபார அனுமதிப்பத்திரம் உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் பெறவேண்டியது. உங்களுக்கென்று தனியாக ஒன்றும் உண்டு: 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி தொலைத்தொடர்புக் கருவிகளை விற்பதற்கும் திருத்துவதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். கவர் மட்டுமே விற்பவரின் நிலை வேறு. நீங்கள் போனைத் திறந்து வேலை செய்யப்போகிறீர்கள்.

வருமான வரியைப் பொறுத்தவரை 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா வரை தனிநபர் விடுதொகை உண்டு. அது இருக்கிறது என்பதற்காகக் கணக்கு எழுதாமல் விட்டுவிட வேண்டாம். முதல் நாளிலிருந்தே விற்பனையை எழுதி வந்தவருக்குத்தான் பின்னர் வங்கியில் கடன் கேட்கும்போது காட்டுவதற்குத் தாள் இருக்கும்.

சாம்பல்தீவு எழுதியது:

சரக்கு எடுப்பது பற்றி நான் சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டைக்கு இரவில் புறப்பட்டுப் போனால் காலையிலேயே கடைகள் திறக்கும் நேரத்துக்கு நிற்கலாம். உங்கள் பொருட்களுக்கு முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து தொடங்குங்கள். முதல் முறை போகும்போது ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். நாலைந்து கடைகளில் சிறிது சிறிதாக வாங்கினால்தான் யார் பழுதான பொருளை முகம் சுழிக்காமல் மாற்றித் தருகிறார் என்பது தெரியவரும். நூற்றுக்கு ஐந்து ரூபா விலைக் குறைவைவிட அந்தக் குணம் பெறுமதியானது. பழகிய பின்னர் திகதி பின்போட்ட காசோலைக்குச் சரக்குத் தருவார்கள். அதைப் பெருநாள், புத்தாண்டுச் சரக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத மாதத்தில் காசோலைத் திகதி வந்து நின்றால் உறக்கம் வராது.

டெம்பர் கிளாஸ் விடயத்தில் மாதிரிக்கு மாதிரி அளவு மாறுவதால், தேங்கும் சரக்கு உங்களுக்கு என்னைவிட அதிகம். நீங்கள் இப்போது வேலை செய்யும் கடையில் எந்த எந்த மாதிரிப் போன்கள் திருத்தத்துக்கு வருகின்றன என்பது உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அந்த அறிவுதான் உங்கள் உண்மையான மூலதனம். நம் ஊரில் அதிகம் புழங்கும் மாதிரிகளை ஆழமாகவும், மற்றவற்றை இரண்டிரண்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஒட்டும் வேலையை மறைவில் குனிந்து செய்யாதீர்கள். மேசையின் முன்பக்கத்தில், வெள்ளை விளக்கின் கீழே, எல்லோரும் பார்க்கும்படி செய்யுங்கள். பழைய கண்ணாடியை உரித்து, துணியால் துடைத்து, தூசு ஒட்டியை ஒற்றி எடுத்து, புதியதை வைத்து விரலை நடுவில் அழுத்தும்போது காற்றுக் குமிழி ஓரத்துக்கு ஓடி மறையும் அல்லவா, அதைப் பார்க்கக் குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை நிற்பார்கள். நிற்பவர்களில் ஒருவர் தன் போனையும் எடுத்து நீட்டுவார். எங்கள் தளத்தில் கைக்கடிகாரம் திருத்தும் பெரியவர் ஒருவரிடம் இதை நாள்தோறும் காண்கிறேன்.

வங்கியில் லங்கா கியூஆர் அட்டை, அதாவது போனால் படம்பிடித்துப் பணம் செலுத்தும் குறியீட்டு அட்டை, ஒன்றை எடுத்து மேசையில் ஒட்டுங்கள். கையில் காசில்லை என்று திரும்பிப் போகும் இளையவர்களை அது நிறுத்தும். காசுக்கு லாச்சியில் பூட்டும், அதன் திறப்பு உங்கள் கழுத்திலும் இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்த கடையில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

கிண்ணியா நண்பர் எழுதியது:

பண இயந்திரத்துக்கு எதிரான இடம் என்றால் என் எதிர்ப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஆனாலும் ஓராண்டுக்கு மேல் கையெழுத்திட வேண்டாம். ஒரு நோன்புப் பெருநாள், ஒரு சித்திரை, ஒரு மழைக்காலம் ஆகிய மூன்றையும் கண்ட பின்னர் நீடிப்பதா என்று முடிவெடுங்கள். நீடிக்கும் உரிமை உங்களிடமும், வாடகை எவ்வளவு வரை உயரலாம் என்ற வரம்பு தாளிலும் இருக்கட்டும்.

உவர்மலை வாசி எழுதியது:

முகாமையாளருடன் மீண்டும் பேசினேன். நுழையும் பக்கத்து இடத்துக்கு முதல் ஆறு மாதம் 25,000 ரூபாவும் விற்பனையில் நூற்றுக்கு ஐந்தும், அதன் பின்னர் நிலையான 48,000 ரூபாவும் என்று இணங்கியிருக்கிறார். இடமாற்றத்துக்கு முப்பது நாள் முன்னறிவித்தல் தருவதாகவும், புதிய இடம் எனக்கு ஏற்காவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுத ஒப்புக்கொண்டார். ஆனால் விற்பனைக் கணக்கை அவர்களுடைய இயந்திரத்தில் பதிய வேண்டும் என்கிறார். திருத்தக் கூலியும் விற்பனையில் சேருமா என்று கேட்டேன். தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கொட்டாஞ்சேனை எழுதியது:

நல்ல பேரம். கணக்கர் போட்ட தொகையான 400,000 ரூபா விற்றாலும் முதல் ஆறு மாத வாடகை 45,000 ரூபாதான். அந்த ஆறு மாதத்துக்குள் மழைக்காலம் விழுமாறு தொடக்கத் திகதியை அமைக்க முடிந்தால் இன்னும் சிறப்பு.

திருத்தக் கூலி பற்றிய கேள்வியை அப்படியே விட்டுவிடாதீர்கள். விற்பனை என்பதன் பொருள்விளக்கம் உடன்படிக்கையின் முதற் பக்கத்திலேயே வர வேண்டும். பொருட்களின் விற்பனை விலை மட்டும், வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தவை நீங்கலாக, திருத்தக் கூலியும் போன் மீள்நிரப்பும் (ரீலோட்) தொகையும் சேராது என்று எழுதச் சொல்லுங்கள். மீள்நிரப்பில் உங்களுக்குக் கிடைப்பது நூற்றுக்குச் சில ரூபா தரகு மட்டுமே. முழுத் தொகைக்கும் ஐந்து வீதம் கொடுத்தால் ஒவ்வொரு மீள்நிரப்பிலும் கைக்காசை இழப்பீர்கள். அவர் இதற்கு இணங்காவிட்டால் மீள்நிரப்பை அந்த ஆறு மாதத்துக்கு மேசையில் வைக்கவே வேண்டாம். இடத்தைப் பொறுப்பேற்கும் நாளில் உப மின்மானியின் வாசிப்பைத் திகதியுடன் படமெடுத்து, முகாமையாளருக்கு அன்றே அனுப்பி வையுங்கள்.

உவர்மலை வாசி எழுதியது:

அப்படியே எழுதித் தருமாறு கேட்டிருக்கிறேன் ஐயா. வரைவு கையில் கிடைத்ததும் நொத்தாரிசு ஒருவரிடம் காட்டிவிட்டு, மாற்ற வேண்டிய வாசகங்கள் இருந்தால் இங்கே எழுதுகிறேன். அலுமாரிக்கு உயர வரம்பு நாலரை அடி என்று சொன்னார்கள். தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன். வேலைமேசையை முன்பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.